படிவத்தில் இல்லாத பாய்லர்

அவளுடைய துறைக்கு ஒழுங்கான பெயர் ஒன்று உண்டு. சஸ்டைனபிலிட்டி. கம்பெனியில் அதை நாக்குத் தடுக்காமல் சொல்லக்கூடியவர்கள் மூன்றே பேர்: அவள், எம்.டி., வரவேற்பறையில் இருக்கும் பெண். வாசல் காவலாளி அதைச் 'சஸ்பெண்ட் டிபார்ட்மென்ட்' என்று காதில் வாங்கிக்கொண்டு, முதல் ஒரு வருஷம் அவளைக் கண்டாலே விறைத்து நின்று சல்யூட் வைத்தார். யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்கிற அம்மா என்று நினைத்துவிட்டார், பாவம். விஷயம் தெரிந்த அன்றைக்குச் சல்யூட் நின்றது. அதற்குப் பதில் சிரிப்பு வந்தது. அவளுக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

மற்ற எல்லோருக்கும் அவள் புகை மேடம்.

அது ஒரு சலவைக் கம்பெனி. ஒன்பது சலவைக்கூடங்கள். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும் ஹோட்டல்களின் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைத்து, உலர்த்தி, சூடான உருளைகளுக்கு நடுவே ஓடவிட்டுத் தேய்த்து, மடித்து, மறுநாள் திரும்பிப் போகும். இவ்வளவுக்கும் வெந்நீர் வேண்டும், நீராவி வேண்டும். நீராவிக்குப் பாய்லர், பாய்லருக்கு எண்ணெயும் எரிவாயுவும், அதன் பலனாக வானத்துக்குப் புகை. அந்தப் புகையைப் பத்து வருஷத்தில் பாதியாக்குகிறோம் என்று கம்பெனி ஆறு வருஷத்துக்கு முன்னால் ஊரறிய வாக்குக் கொடுத்தது. வாக்குக் கொடுத்தது கம்பெனி. காப்பாற்ற வேண்டியது அவள்.

அதற்கு முன் பதினைந்து வருஷம் அவள் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் கறை பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தம், மருந்து, மை, துரு. எந்தக் கறை எந்தச் சூட்டில் எந்தச் சோப்புக்கு அசையும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். எம்.டி. ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, "கண்ணுக்குத் தெரியற கறையெல்லாம் எடுத்தாச்சு அக்கா. இனிமே தெரியாததை எடுங்க" என்றார். அவளைவிட எட்டு வயது இளையவர். அப்பாவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்த புதிது. மனசு குளிர்ந்திருந்தால் 'அக்கா' என்பார். கோபம் வந்தால் 'மேடம்' ஆகிவிடும்.

இந்த ஆறு வருஷத்தில் அவள் படாத பாடு இல்லை. ஒன்பது கூடத்துக்கும் மாசா மாசம் ஒரு படிவம் அனுப்பி, எந்தப் பாய்லர் எவ்வளவு எரித்தது என்று வாங்கிக் கூட்டினாள். பழைய விளக்குகளை மாற்றினாள். எல்லாவற்றுக்கும் மேலாக, கம்பெனியின் மிகப் பெரிய கூடமான மூன்றாம் நம்பரில் ஒரு தொட்டி கட்டவைத்தாள். சாக்கடைக்குப் போகிற அழுக்கு வெந்நீரின் சூட்டைப் பிடித்து, உள்ளே வருகிற பச்சைத் தண்ணீருக்குக் கொடுக்கிற தொட்டி. அதன்மேல் அவளுக்கு இருந்த பாசம் கொஞ்சநஞ்சமில்லை. வீட்டில் கூட 'நம்ம தொட்டி' என்றுதான் பேச்சு. தொட்டி வந்த வருஷம் மூன்றாம் நம்பரின் புகை மடமடவென்று இறங்கியது. அந்த வருஷக் கணக்கு முடிந்தபோது, கம்பெனியின் மொத்தப் புகையில் நூற்றுக்கு முப்பத்தொன்று குறைந்திருந்தது.

முப்பத்தொன்று! எம்.டி. அந்த எண்ணை லாரிகளின் பக்கவாட்டில் எழுதவைத்தார். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் குழுமம் அதைப் பார்த்துத்தான் தன் பதினான்கு ஆஸ்பத்திரிகளின் துணியையும் இவர்களுக்குக் கொடுத்தது. கம்பெனிகளில் இந்தப் புகை வேலையைத் தலைமையேற்று நடத்துகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. சிமெண்ட் கம்பெனி, செருப்புக் கம்பெனி, பஸ் கம்பெனி என்று முந்நூறு பேர். அவர்களுடைய வருடாந்தர மாநாட்டில் இருபது நிமிஷம் பேச அவளை அழைத்தார்கள். கேடயமும் உண்டு என்று காதில் போட்டுவைத்தார்கள்.

மாநாடு சனிக்கிழமை. புதன்கிழமை காலை, திரையில் காட்டுவதற்கு ஒரு படம் எடுக்கலாம் என்று அவள் மூன்றாம் நம்பர் கூடத்துக்குப் போனாள்.

அங்கே பாய்லர் ஃபோர்மேனுக்குப் பெயர் கொதியண்ணன். வேலையும் கொதிக்கிற வேலை, ஆளும் கொதிக்கிற ஆள், ஆகவே பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருஷம் பாய்லர் இரைச்சலில் நின்றதில் இடது காது போய்விட்டது. ஆறு வருஷமாக அவளுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். "உங்க டிபார்ட்மென்ட்டே காகிதம் மேடம்" என்பார். "நீங்க எரிக்கறதை நான் எழுதறேன் அண்ணே. அவ்வளவுதானே" என்பாள். ஆனாலும் அவள் வந்தால் பாய்லர் அறையில் இருக்கும் ஒரே நல்ல ஸ்டூலைக் கிழிந்த விரிப்புத் துண்டால் துடைத்துப் போடுவது அவர்தான். மின்விசிறியின் முகத்தை அவள் பக்கம் திருப்பிவைப்பதும் அவர்தான்.

அன்றைக்கும் துடைத்தார், திருப்பினார்.

"உக்கார நேரமில்லண்ணே. இந்த ரெண்டாம் நம்பர் பாய்லருக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க. மாநாட்டுல உங்க மூஞ்சியைப் பெரிசா காட்டப் போறேன்."

"வேண்டாம்."

"வெக்கமா? தலை சீவிட்டு வாங்க, இருக்கேன்."

"வெக்கமெல்லாம் இல்ல. அந்த முப்பத்தொண்ணுக்குப் பக்கத்துல நான் நிக்க மாட்டேன் மேடம்."

அவள் போனை இறக்கினாள். கொதியண்ணன் கோபமாக இல்லை என்பதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது. கோபமாக இருந்தால் அவர் கத்துவார். இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணே?"

"இந்த ரெண்டாம் நம்பர், போன வருஷம் அஞ்சு மாசம் படுத்துக் கெடந்துச்சு. குழாயெல்லாம் ஓட்டை. தெரியுமா உங்களுக்கு?"

"ரிப்பேர்னு தெரியும். ஒண்ணாம் நம்பரை வெச்சு ஓட்டினீங்க."

"ஒண்ணாம் நம்பர் சின்னது. அது துண்டு தேய்க்கக்கூடப் பத்தாது. ஆஸ்பத்திரித் துணி நிக்குமா? வாடகைக்கு ஒரு பாய்லர் எடுத்தோம். பெரிய டிரெய்லர் வண்டி மேல வெச்சே வரும். பின்னாடி முற்றத்துல நிறுத்தி, குழாயை இழுத்து மாட்டினோம். எண்ணெயும் அவங்களே கொண்டாந்து ஊத்துவாங்க. அஞ்சு மாசமும் அதான் எரிஞ்சுது. கரி மாதிரிப் புகை."

உட்கார நேரமில்லை என்று சொன்னவள், துடைத்துப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அது என் கணக்குல வரவே இல்லியே."

"வராது. உங்க படிவத்துல பாய்லர் ஒண்ணுக்கு ஒரு கட்டம், ரெண்டுக்கு ஒரு கட்டம். வாடகை பாய்லருக்குக் கட்டமே இல்ல. ரெண்டுக்கு நேரா பூஜ்யம் போட்டேன். எரியலையே, என்ன போடறது?"

"ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே அண்ணே!"

"பண்ணினேன். 'படிவத்துல கேட்டதை மட்டும் நிரப்புங்க, எனக்கு இப்ப மூச்சுவிட நேரமில்ல'னு பதில் வந்துச்சு."

"யார் சொன்னது அப்படி?" அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆபீஸில் யாராக இருந்தாலும் இன்றைக்கு உண்டு இல்லை என்று பண்ணிவிடுவது என்று தீர்மானித்தாள்.

கொதியண்ணன் சங்கடத்துடன் பிடரியைச் சொறிந்தார்.

"நீங்கதான் மேடம்."

அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆண்டறிக்கை அச்சுக்குப் போன வாரம் அது. ஒரு காதில் அச்சகம், மறு காதில் கொதியண்ணன்.

"அதுக்கப்புறம் நீங்க ஒரு தடவை நேர்லயும் வந்தீங்க. தொட்டியைப் பார்க்க. வெயில் அதிகம்னு அந்த டிரெய்லர் நிழல்லதான் நின்னு டீ குடிச்சீங்க. நானும் சுட்டிக்காட்டலாம்னு பார்த்தேன். நீங்க தொட்டியைத் தவிர வேற எதையும் பார்க்கற மாதிரி இல்ல. எனக்கும் ரோஷம். காகிதம்தானே, போகட்டும்னு விட்டுட்டேன். நான் விட்டதும் தப்புதான்."

தொட்டியால் இறங்கியது என்று அவள் கொண்டாடிய புகை, உண்மையில் பின்முற்றத்தில் அவள் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருந்திருக்கிறது. அழுகை வருகிற மாதிரி இருந்தது. அதற்குப் பதிலாகச் சிரிப்பு வந்தது. "டீ நல்லா இருந்துச்சாண்ணே?" என்று கேட்டாள். "சர்க்கரை கம்மினு சொன்னீங்க" என்றார் அவர்.

எண்ணெய் ஊற்றிய ஒவ்வொரு தடவையும் டிரைவர் ஒரு சீட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எத்தனை லிட்டர், என்ன தேதி. கொதியண்ணன் அத்தனையையும் ஒரு கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருந்தார். காகிதத்தை நம்பாத மனுஷர் ஒரு காகிதத்தைக்கூடத் தொலைக்கவில்லை. அவர் ஒவ்வொன்றாக உருவிப் படிக்க, அவள் மடியில் கணினியை வைத்து ஏற்றினாள். மத்தியானச் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை. நாலு மணிக்குக் கணக்கு முடிந்தது.

முப்பத்தொன்று இல்லை. இருபத்திரண்டு.

"இருபத்திரண்டு ஒண்ணும் கேவலமில்ல மேடம்" என்றார் கொதியண்ணன், ஆறு வருஷத்தில் முதல் முறையாக அவளுக்குச் சமாதானம் சொல்கிற குரலில்.

"லாரியில முப்பத்தொண்ணுன்னு எழுதியிருக்கேண்ணே."

அவர் உருவிய சீட்டுகளை மறுபடியும் கம்பியில் குத்த ஆரம்பித்தார்.

வீட்டில் அவள் கணவர் சோபாவில் துணி மலைக்கு நடுவே உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். புதன்கிழமை கடைக்கு விடுமுறை. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் விரிப்பு மடிக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவள் வீட்டில் ஒரு துண்டு நேராக மடிந்து யாரும் பார்த்ததில்லை. அவளுக்கு வீட்டுக்கு வந்தால் துணியைத் தொடப் பிடிக்காது. அவருக்கு மடிக்க வராது. ஆனாலும் மடிப்பார்.

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?" என்று கடைசியில் கேட்டார்.

"கொதியண்ணன், நான், இப்ப நீங்க."

"மூணு பேர்."

"மூணு பேர்னா? மறைச்சுடலாம்ங்கறீங்களா?"

"ஐயையோ, அப்படிச் சொல்லலப்பா. எத்தனை பேர்கிட்ட இன்னும் சொல்லணும்னு கணக்குப் போட்டேன். எம்.டி. இருக்கார், அந்த ஆஸ்பத்திரிக்காரங்க இருக்காங்க, சனிக்கிழமை முந்நூறு பேர். சரி, சாப்பிட்டுட்டு அந்தப் பேச்சை எடு. படிச்சுக் காட்டு. நான் நேரம் பார்க்கறேன்."

அவளுடைய எல்லாப் பேச்சுக்கும் நேரம் பார்ப்பவர் அவர்தான். சாப்பிட்ட கையோடு அவள் மேஜையில் உட்கார்ந்து பழைய பேச்சில் முக்கால்வாசியை அடித்து, நடந்ததை எழுதிச் சேர்த்தாள். தொட்டியைப் பற்றிய மூன்று பக்கத்தை அடிக்கும்போது பேனா கொஞ்சம் நின்றது. மிச்சத்தைப் படித்துக் காட்டினாள்.

"நாலு நிமிஷம்" என்றார் அவர், கைக்கடிகாரத்தைப் பார்த்து.

"இருபது நிமிஷம் குடுத்திருக்காங்க."

"உண்மை அவ்வளவுதான் வருது. இழுக்காதே. மிச்சத்தை அவங்க கேட்டுக்குவாங்க."

அவள் துணிக் குவியலில் தலையைச் சாய்த்தாள். அவர் அவள் தலைக்கு அடியிலிருந்து ஒரு துண்டை மெல்ல உருவி, மறுபடியும் கோணலாக மடித்தார். "வேலை போயிட்டா என்ன பண்றது?" என்று கேட்டாள். "கடையில ஃபிரேம் துடைக்க ஆள் வேணும். ஆனா கறை பார்க்கற பழக்கத்தை விட்டுடணும். வர்றவங்க மூஞ்சியெல்லாம் உத்துப் பார்த்தா ஓடிடுவாங்க" என்றார்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு எம்.டி. அறைக் கதவைத் தட்டினாள். அவர் மாநாட்டுக்குப் போட வேண்டிய கோட்டை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அக்கா! இந்தக் கலர் எப்படி?"

அவள் உட்காராமல் சொன்னாள். படிவத்தைச் சொன்னாள், டிரெய்லரைச் சொன்னாள், டீயையும் விடாமல் சொன்னாள். எம்.டி. கோட்டின் ஒரு கையைக் கழற்றியவர் மறு கையைக் கழற்ற மறந்து அப்படியே நின்றார்.

"தெரிஞ்சே பண்ணலியே. அப்ப சனிக்கிழமை போகட்டுமே மேடம்" என்றார். "அடுத்த வருஷ அறிக்கையில ஓரமா ஒரு குறிப்புப் போட்டுத் திருத்திக்கலாம். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"நேத்து வரைக்கும் தெரியாது சார். இன்னிக்குத் தெரியும். சனிக்கிழமை மேடையேறி முப்பத்தொண்ணுன்னு சொன்னா அது தெரிஞ்சு சொன்னதாத்தான் ஆகும்."

"பேசப் போகாம இருங்க. காய்ச்சல்னு சொல்லிடலாம்."

"நிகழ்ச்சி நிரல்ல என் பேச்சுக்கு நேரா முப்பத்தொண்ணுன்னு அச்சடிச்சுட்டாங்க. நான் போனாலும் போகாட்டியும் அது அங்க இருக்கும்."

அவர் ஜன்னல் பக்கம் போனார். கீழே லாரிகள் வரிசையாக நின்றிருந்தன, ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஆளுயரத்துக்கு முப்பத்தொன்று.

"ஆஸ்பத்திரிக்காரங்க போயிட்டாங்கன்னா நாலாம் நம்பர் கூடத்தை மூட வேண்டி வரும். அறுபது பேர் மேடம் அங்க. அதை யோசிச்சீங்களா?"

யோசித்திருந்தாள். அந்த அறுபது பேரில் பாதிப் பேரை முகம் தெரியும். "யோசிச்சேன் சார்" என்று மட்டும் சொன்னாள்.

"உங்க பேச்சு, உங்க பொறுப்பு. நான் சனிக்கிழமை வரல" என்றார் எம்.டி., திரும்பாமலே.

அவள் வெளியே வந்து, படியில் உட்கார்ந்து, இரண்டு நிமிஷம் மூக்கைச் சிந்தினாள். பிறகு கொதியண்ணனுக்குப் போன் செய்து, சனிக்கிழமை என்ன வேலை என்று கேட்டாள்.

மாநாட்டு மண்டபத்தில் குளிரூட்டி பலமாக வைத்திருந்தார்கள். புகையைக் குறைப்பதைப் பற்றிப் பேச வந்தவர்களுக்கு இந்தக் குளிர் எதற்கு என்று கொதியண்ணன் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். வெள்ளைச் சட்டை, உருளையில் ஓடவிட்ட மாதிரி விறைப்பு. முன்வரிசைக்கு வர மறுத்துக் கடைசியில் டீ மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மேடை மேஜையில் கேடயத்தின் மேல் ஒரு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. "நம்ம கூடத்துல மடிச்சது இல்ல. ஓரம் பாருங்க, கோணல்" என்று முணுமுணுத்தார். மேடையேறக் காத்திருந்த அவளுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அவள் பெயரையும் கம்பெனியையும் சொல்லி, நூற்றுக்கு முப்பத்தொன்று என்றும் சொல்லி அழைத்தார்கள். கை தட்டினார்கள். அவள் மைக்கைப் பிடித்தாள்.

"முப்பத்தொண்ணு தப்பு. சரியான கணக்கு இருபத்திரண்டு. தப்பு எப்படி வந்துச்சுன்னு சொல்லத்தான் வந்திருக்கேன்."

நாலு நிமிஷம். தொட்டி, டிரெய்லர், கட்டமில்லாத படிவம், 'கேட்டதை மட்டும் நிரப்புங்க' என்று சொன்ன குரல். டீ குடித்த கட்டத்தில் யாரோ ஒருவர் சிரித்து, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நிறுத்தினார். அவள் முடித்தபோது யாரும் கை தட்டவில்லை.

செருப்புக் கம்பெனிக்காரர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "உங்க முப்பத்தொண்ணைப் பார்த்துட்டு எங்க முதலாளி எனக்கு முப்பத்தஞ்சுன்னு இலக்கு வெச்சிருக்கார். ஆறு மாசமா நான் தூங்கல. இதுக்கு யார் பொறுப்பு?"

"நான்தான் சார்" என்றாள். "நீங்க விரும்பினா உங்க முதலாளிகிட்ட நானே வந்து சொல்றேன்."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. "வாங்க, கண்டிப்பா வாங்க" என்று, கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்தார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று வேறொரு குரல்.

"நான் கண்டுபிடிக்கல. அதோ, டீ மேஜைகிட்ட உக்காந்திருக்கார் பாருங்க, எங்க பாய்லர் ஃபோர்மேன். அவர் சொன்னார்."

முந்நூறு தலைகள் திரும்பின. யாரோ ஓடிப்போய்க் கொதியண்ணன் கையில் மைக்கைத் திணித்தார்கள். அவர் எழுந்து, மைக் இருப்பதை மறந்து, பாய்லருக்குப் பக்கத்தில் நிற்கிற குரலில் கத்தினார். முன்வரிசையில் இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"மன்னிக்கணும். எனக்கு மெதுவா பேசிப் பழக்கமில்ல" என்றார், மைக்கைத் தள்ளிப் பிடித்து. "மேடம் மேல மட்டும் தப்பு இல்ல. நானும் வீம்புக்குப் பேசாம இருந்தேன். உங்க எல்லார்கிட்டயும் ஒண்ணுதான் கேட்டுக்கறேன். படிவம் அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை நேர்ல வந்து, மொத்தம் எத்தனை பாய்லர்னு விரலை விட்டு எண்ணிட்டுப் போங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

இப்போது சிரித்தார்கள், நன்றாகவே சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் பஸ் கம்பெனி அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு குனிந்தபடி வெளியே போவதை அவள் மேடையிலிருந்து பார்த்தாள். "டிப்போவுல ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தோமே, அது..." என்பது வரைக்கும் காதில் விழுந்தது. அவருக்குப் பின்னால் சிமெண்ட் கம்பெனிக்காரர் போனார். இன்னும் இரண்டு பேர் போனார்கள். மீதி நேரம் முழுக்கக் கேள்விகள்தான். இருபது நிமிஷம் போதவில்லை. கேடயம் மட்டும் கோணல் துணியோடு அப்படியே மேஜைக்கு அடியில் இறங்கிவிட்டது.

சாப்பாட்டு இடைவேளையில் போன் அடித்தது. எம்.டி.

"அக்கா, சொல்லிட்டீங்களா?"

'அக்கா' என்றது காதில் விழுந்ததும் அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "சொல்லிட்டேன் சார்."

"நானும் சொல்லிட்டேன். காலையில எட்டு மணிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன். நீங்க மேடையில சொல்லி அவங்க யார் மூலமாவோ கேள்விப்படறதுக்கு முன்னாடி நான் நேர்ல சொல்லிடணும்ல? அதான் மாநாட்டுக்கு வரல. உங்ககிட்ட சொல்லாம இருந்துட்டேன், எனக்கே தைரியம் வருமான்னு தெரியல."

"என்ன சொன்னாங்க?"

"தலைமை நர்ஸம்மாதான் துணிக்குப் பொறுப்பு. ஒரு மணி நேரம் என்னை நிக்கவெச்சே கேள்வி கேட்டாங்க, ஸ்கூல்ல நின்னதுக்கப்புறம் இன்னிக்குத்தான். கடைசியில, 'கறை பட்ட விரிப்பைக் கறை உள்பக்கம் போற மாதிரி மடிச்சு அனுப்பற சலவைக்காரங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன், அவங்க யாரும் இப்ப எங்ககிட்ட இல்ல'னாங்க. நம்மளை வெச்சுக்கறாங்களாம். ஆனா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அவங்க ஆளே வந்து எண்ணுவாங்களாம்."

"வரட்டும் சார். ஸ்டூல் துடைச்சுப் போடறோம்" என்றாள். தட்டை வைத்துவிட்டு, கொதியண்ணனின் விறைப்பான சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் பயந்துபோய், "என்னாச்சு மேடம், சாப்பாட்டுல காரமா?" என்றார்.

எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது என்று சொல்ல முடியாது. ஒரு ஹோட்டல்காரர் விலகிப்போனார். ஒரு பத்திரிகை 'சலவைக் கம்பெனியின் சாயம் வெளுத்தது' என்று எழுதியது, எம்.டி. இரண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. லாரிகளில் எண்ணை அழித்த இடம் மட்டும் வெளுப்பாக, பளிச்சென்று தெரிந்தது. செருப்புக் கம்பெனி முதலாளியிடம் அவள் சொன்னபடியே போய்ச் சொன்னாள். இலக்கு இருபத்தைந்தாக இறங்கியது. தூக்கம் வந்துவிட்டது என்று செருப்புக் கம்பெனிக்காரர் செய்தி அனுப்பினார். புதுப் படிவத்தில் கடைசியாக ஒரு பெரிய கட்டம் சேர்ந்தது: 'நாங்கள் கேட்காதது ஏதாவது உண்டா?' முதல் மாசமே அதில் ஐந்தாம் நம்பர் கூடத்தார், கழிவறைக் கதவு சரியில்லை என்று எழுதி அனுப்பினார்கள். இரண்டாவது மாசத்திலிருந்து உருப்படியாக வரத் தொடங்கியது.

கொதியண்ணனைத் தன் துறைக்கே கேட்டு வாங்கிக்கொண்டாள். அவர் லேசில் வரவில்லை. நாற்காலி வேலை எனக்கு ஆகாது, ஆபீஸ் டீ வாயில் வைக்க முடியாது, அந்தத் துறைப் பெயரை யாராவது கேட்டால் நான் என்னவென்று சொல்வேன் என்றெல்லாம் சாக்குச் சொன்னார். 'புகைத் துறை என்றே சொல்லுங்கள்' என்று எம்.டி. எழுத்தில் அனுமதி கொடுத்த பிறகு வந்தார். வந்த அன்றே குளிரூட்டியின் குளிரை இரண்டு டிகிரி குறைத்துவைத்து ஆபீஸ் முழுக்கப் பகையைச் சம்பாதித்தார்.

இப்போது மாசத்தில் பாதி நாள் இரண்டு பேரும் ஊர் ஊராகச் சலவைக்கூடங்களில்தான். பாய்லரை எண்ணுவார்கள், பிறகு நீராவிக் குழாய் போகிற வழியெல்லாம் நடப்பார்கள். சொட்டுச் சொட்டாக வீணாகிற நீராவி சேர்ந்தால் ஒரு சின்னப் பாய்லரின் புகைக்குச் சமம். சண்டைக்கும் குறைவில்லை.

போன வாரம் ஏழாம் நம்பர் கூடத்தில், தேய்க்கிற உருளைகளுக்குப் பின்னால் சுவரோரமாகப் போகிற குழாயின் கீழே அவள் சட்டென்று நின்றாள்.

"அண்ணே, இங்க ஒழுகுது."

"எங்க? ஒண்ணும் கேக்கல. வாங்க போகலாம்."

"இஸ்ஸுங்குதுண்ணே."

"முப்பது வருஷம் குழாயோட குடும்பம் நடத்தினவன் நான். எனக்குக் கேக்காதது உங்களுக்குக் கேக்குதா?"

"உங்களுக்கு இடது காது கேக்காது. குழாய் இடது பக்கம் போகுது. திரும்பி நில்லுங்க."

கொதியண்ணன் முறைத்தார். அவள் பொருட்டு, ஏதோ பெரிய மனசு பண்ணுகிற மாதிரி, மெதுவாகத் திரும்பி நின்று வலது காதைக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். பையைத் திறந்து ஸ்பானரைத் தேட ஆரம்பித்தார். அவள் ஓர் ஏணியை இழுத்து வந்து குழாயின் கீழே போட்டு, ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.